செத்த போர்டுக்குப் பச்சை விளக்கு

கும்மிடிப்பூண்டி,
19.01.2025

அன்புள்ள மோனிகா அக்காவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நான், அம்மா, நைனா மூவரும் சுகமாக இருக்கிறோம். மலைக் குளிரில் உன் மூக்கு ஒழுகாமல் இருக்கிறதா? மப்ளர் கட்டிக்கொள்ள மடத்தில் விடுகிறார்களா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அக்டோபரில் பதினெட்டு முடிந்ததும் தேர்வாய் கண்டிகையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எழுதிப்போட்டேன், டிசம்பரில் கூப்பிட்டார்கள். காலை ஆறரைக்கு பைபாஸில் கம்பெனி பஸ் வரும். நீலக் கோட்டு, தலைக்கு வலைத் தொப்பி. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி அதன் வயரை மேசையில் மாட்டிக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் சர்க்யூட் போர்டைக் கெடுத்துவிடுமாம். "கன்னுக்குட்டி மாரி கட்டிப்போட்டு வெச்சுக்கீறாங்க பாரு" என்று கல்பனா சொல்வாள். கல்பனா என் மெஷினில் என்னோடு வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் பேசுவாள். அதனால் நான் பேசத் தேவையில்லை.

நாங்கள் செய்வது அமோனியா வாயு கசிந்தால் கத்துகிற பெட்டி. ஐஸ் கம்பெனி, மீன் கம்பெனி, இறால் கம்பெனிச் சுவர்களில் மாட்டுவார்கள். அதற்குள்ளே உள்ளங்கை அளவில் ஒரு போர்டு இருக்கும். அதைச் சோதிக்கிற மெஷின்தான் எங்களுடையது. போர்டை வைத்து மூடியை அழுத்தினால் கீழிருந்து எண்பது ஊசிகள் அதைத் தொடும். அப்புறம் எல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும். போர்டுக்குள் புரோகிராம் ஏற்றும், கரண்ட் கொடுக்கும், கேள்வி கேட்கும், பதில் பார்க்கும். மொத்தம் இருபத்திரண்டு ஸ்டெப். நாற்பது செகண்டில் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். பதினாலாவது ஸ்டெப் எனக்கு மிகவும் பிடிக்கும். வாயு வந்துவிட்ட மாதிரி மெஷின் போர்டை ஏமாற்றும். போர்டு ஏமாந்துபோய்க் கத்த வேண்டும். கத்தாவிட்டால் சிவப்பு. நூற்றுக்கு மூன்று போர்டு கத்தாது. எடுத்துப் போட்டுவிடுவோம்.

பச்சை வந்த போர்டில் தேதியும் என் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவேன். பெட்டி செய்தபின் வெளியிலும் அதே ஸ்டிக்கர் வரும். நான் ஆபரேட்டர் 27.

அம்மா வழக்கம்போல இறால் உரிக்கப் போகிறாள். கொரோனாவில் போன வாசனை அவளுக்கு இன்னும் திரும்பவில்லை. போன வாரம் கருவாட்டுக் குழம்பு அடிப்பிடித்துத் தெருவே இருமியது, அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நைனா நொண்டிக்கொண்டே போய் அடுப்பை அணைத்தார். வேலையில் இரும்புக் கம்பி விழுந்த கால் குளிருக்கு வலிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காக ஒரு செபமாலை சொல்லு.

உன் தங்கை,
சோனியா

*

நவகன்னியர் இல்லம், ஏற்காடு,
02.02.2025

கிறிஸ்துவில் பிரியமான தங்கை சோனியாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் வீட்டாரையும் காப்பாராக. நான் நலம். மூக்கு ஒழுகத்தான் செய்கிறது, மப்ளரும் உண்டு. நைனாவுக்கு விளக்கெண்ணெய் சூடாக்கித் தடவுகிறாயா?

நான் மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். வருகிற கடிதங்களை மதர் படித்துவிட்டுத் தருவார்கள். உன்னுடையதைக் கொடுக்கும்போது, "உன் தங்கை நன்றாக எழுதுகிறாளே, எதுவரை படித்தாள்?" என்று கேட்டார்கள். பத்தாவது என்றேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். உங்கள் மெஷின் எல்லாப் போர்டையும் சோதிக்கிறது. மெஷினை யார் சோதிக்கிறார்கள்? இங்கே சமையற்கட்டில் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கிலோ படிக்கல் வைத்திருக்கிறோம். அதுபோல உங்களிடம் ஏதாவது உண்டா?

இன்னொன்று, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். மார்ச் 5 சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் கொடுக்கவும் மாட்டார்கள், எழுதவும் கூடாது. வருவதை மதர் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். போனும் இல்லை, வீட்டில் சாவு என்றால் மட்டும் கூப்பிடலாம். அதனால் தவக்காலத்தில் தபால்தலைக்கு வீண் செலவு செய்யாதே.

எல்லாம் நல்லபடி நடந்தால் மே 31 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, அன்றுதான் கன்னியாஸ்திரி உடுப்பு தருவார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

அக்கா,
மோனிகா

*

கும்மிடிப்பூண்டி,
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நைனாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். உன் சளி நின்றதா?

நீ கேட்ட படிக்கல் எங்களிடமும் இருக்கிறது. இரண்டு போர்டுகள். ஒன்று நல்ல போர்டு, அதற்கு எப்போதும் பச்சை வர வேண்டும். இன்னொன்று செத்த போர்டு. அதில் வாயுவை அறிகிற இடத்தில் ஒரு பொட்டுச் சாமானை வேண்டுமென்றே பிடுங்கியிருக்கிறார்கள். தப்பித்தவறி மற்றவற்றோடு கலந்துவிடாதபடி ஓரம் முழுக்க சிவப்பு நெயில் பாலிஷ். தினமும் வேலை தொடங்கும் முன் இரண்டையும் மெஷினில் வைக்க வேண்டும். செத்த போர்டுக்குச் சிவப்பு வந்தால்தான் மெஷின் நிஜம் பேசுகிறது என்று அர்த்தம். அதை ரிஜிஸ்டரில் எழுதி நான் கையெழுத்துப் போடுவேன், சரிபார்த்ததாகக் கல்பனா பக்கத்தில் போடுவாள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், மதரும் படிப்பார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பஸ் பாதி நாள் லேட். இறங்கி ஓடிவந்து கோட்டு மாட்டுவதற்குள் எண்ணிக்கை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுகிறோம். "செத்தது எங்க டீ எழுந்து வரப்போவுது? அது என்னிக்கும் சிவப்புதான். எழுது" என்றாள் கல்பனா. எல்லா மெஷினிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் பெரிய பேஜாராக இருந்தது. ஊசி ஒன்று தேய்ந்துபோய், நல்ல போர்டுகள் கூடச் சிவப்பாக வந்தன. எண்ணிக்கை பாதிக்குக் கீழே போனது. எல்லோருக்கும் திட்டு. பத்தாம் தேதி சாயங்காலம் எஞ்சினியர் சரவணன் சார் லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டி ஏதோ செய்தார். "புது ஊசி வர்ற வரைக்கும் இப்படி ஓட்டுங்க" என்றார். மறுநாளிலிருந்து பச்சை பச்சையாக வருகிறது. நேற்று எங்கள் லைனுக்கு டீயோடு சமோசா கொடுத்தார்கள்.

அம்மா உன் வார்த்தைப்பாட்டுக்குக் கட்ட ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள். இப்போதே மடிப்பு கலைத்துக் கலைத்துப் பார்க்கிறாள்.

தங்கை,
சோனியா

*

கும்மிடிப்பூண்டி,
02.03.2025

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம்தான். நாளைக் காலை தபாலாபீஸ் திறந்ததும் இதைப் போட்டுவிடுவேன். சாம்பல் புதனுக்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

வெள்ளிக்கிழமை பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. கல்பனா இன்னும் வரவில்லை. சும்மா நிற்கிறோமே என்று செத்த போர்டை எடுத்து மெஷினில் வைத்தேன். நீ படிக்கல் பற்றி எழுதியதும் நினைவுக்கு வந்தது.

பச்சை வந்தது.

மறுபடி வைத்தேன். பச்சை. திரையைப் பார்த்தேன். பதின்மூன்றுக்கு அப்புறம் பதினைந்து என்று போகிறது. பதினாலு இல்லை. தேய்ந்த ஊசி அந்த ஸ்டெப்புக்கு உரியது, அதனால் அதைத்தான் சரவணன் சார் எடுத்துவிட்டிருக்கிறார். புது ஊசி எப்போதோ வந்து மாட்டியும் ஆயிற்று. பதினாலைத் திரும்பப் போட மறந்துவிட்டார்.

பிப்ரவரி 11 முதல் பதினைந்து நாள். ஒரு நாளைக்கு முந்நூறு போர்டு. அதில் நூற்றுக்கு மூன்று வாயு வந்தால் கத்தாது. எது கத்தும், எது கத்தாது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றிலும் என் ஸ்டிக்கர் இருக்கிறது. தினமும் காலையில் செத்த போர்டை வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ரிஜிஸ்டரில் பதினைந்து நாளும் "சிவப்பு" என்று என் கையெழுத்து.

கல்பனாவிடம் காட்டினேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். "நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் கேக்கல. அவரே பாத்துப் போட்டுக்குவாரு" என்றாள்.

சரவணன் சார் இரண்டு தடவை எங்களைக் கடந்து போனார். எழுந்து நின்றேன். உனக்குத் தெரியுமே, பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச வராது. "இன்னாமா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

நான் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது அக்கா. நீ எழுதியபடியே சொல்லிவிடுகிறேன்.

சோனியா

*

கும்மிடிப்பூண்டி,
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். பதில் வரவில்லை, அதனால் கடிதம் சாம்பல் புதனைத் தாண்டித்தான் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இதையும் நீ இப்போது படிக்கப் போவதில்லை. போன் செய்யலாமா என்று நினைத்தேன். சாவு என்றால்தான் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். இன்னும் யாரும் சாகவில்லை.

செவ்வாய்க்கிழமை சரவணன் சாரிடம் சொல்லிவிட்டேன். அதற்குள் இன்னும் ஒன்பது நாள் போய்விட்டது. அந்த ஒன்பது நாளும் தினமும் காலையில் செத்த போர்டை மெஷினில் வைத்தேன். பச்சை வந்தது. ரிஜிஸ்டரில் சிவப்பு என்று எழுதினேன். பதினைந்து நாள் தெரியாமல் செய்தது. இந்த ஒன்பது நாள் தெரிந்தே செய்தது.

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. லேப்டாப்பை மாட்டிப் பத்து நிமிடத்தில் பதினாலைத் திரும்பப் போட்டார். "இப்ப வெய்யி" என்றார். வைத்தேன். சிவப்பு.

"சரியாப்பூச்சு. போய் வேலையப் பாரு."

"சார், இதுவரைக்கும் போன போர்டெல்லாம்..."

அவர் ரிஜிஸ்டரை எடுத்துத் திருப்பினார். "இது யாரு கையெழுத்து?"

"என்னுது சார்."

"தெனமும் இன்னா எழுதிக்கீற?"

"சிவப்பு."

"செத்த போர்டு சிவப்புன்னா பதினாலு ஓடிக்கினு இருந்துருக்குதுன்னுதானே அர்த்தம்? அப்போ நான் எதையும் எடுக்கல. எடுத்துட்டேன்னு சொல்லணும்னா, நீ இருவத்திநாலு நாளு பொய் எழுதினேன்னு மொதல்ல சொல்லணும். நீயும் அந்தப் பொண்ணும். சொல்றியா?"

நான் ரிஜிஸ்டரை வாங்கி மூடினேன்.

"ஊட்டுல யாரு சம்பாரிக்கிறது?"

"நானும் அம்மாவும் சார்."

"போம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அவர் சொன்னது சரி அக்கா. அவர் செய்ததற்கு நான் எழுதியது மூடியாக இருக்கிறது. என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்றுதான் ரிஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார்கள்.

நைனா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். உபவாசம் என்று சாப்பிடாமல் கிடக்காதே.

சோனியா

*

கும்மிடிப்பூண்டி,
30.03.2025

அன்புள்ள அக்கா,

உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். நைனா சுகம். நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பயப்படாதே, அவளும் சுகம்தான்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. அம்மா சோற்று டப்பாவை மறந்து போய்விட்டாள், கொண்டுபோனேன். நீ பார்த்த அதே ஹால்தான். ஐம்பது பெண்கள் நின்றுகொண்டு உரிக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் ரூம், தலைக்கு மேலே அமோனியாக் குழாய். குழாய்க்குக் கீழே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி புதிதாக இருந்தது. எங்கள் பெட்டி. கிட்டே போய்ப் பார்த்தேன்.

06.03.2025. ஆபரேட்டர் 27.

சாம்பல் புதனுக்கு மறுநாள். அந்த ஒன்பது நாளில் ஒன்று.

அம்மாவை வெளியே கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். செத்த போர்டு, பதினாலு, எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே சோறு தின்றாள். பிறகு உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தினாள். வீல் என்று கத்தியது. ஹாலே திரும்பிப் பார்த்தது.

"பாரு, நல்லாத்தான் கீது. உன் நம்பர்தான் போட்டுக்கீது. எம்பொண்ணு செஞ்ச பொட்டி இதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்" என்றாள்.

அந்தப் பட்டன் சத்தம் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வாயுவை அறிகிற இடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பட்டன் போட்டால் செத்த போர்டும் கத்தும். இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. சூபர்வைசர் சடையப்பன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவரும் பட்டனை அழுத்தினார். கத்தியது. "இன்னா பாப்பா, உன் கம்பெனி சரக்க நீயே கொறை சொல்ற? போன வருசம் வரிக்கும் இதுகூட இல்லாமத்தான் ஓட்டினோம். மூக்குக்கு மேல இன்னா மிசினு?" என்றார்.

மற்ற பெண்கள் எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது. சாயங்காலம் அவர்கள் போனபின் தரை கழுவ அம்மா ஒருத்திதான் ஒரு மணி நேரம் இருப்பாள்.

நூற்றுக்கு மூன்றுதான். தொண்ணூற்றேழு நல்லதாக இருக்கும். ராத்திரி படுத்தால் அந்தத் தொண்ணூற்றேழு எனக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை.

வேறு வேலை பார்க்கலாமே என்றேன். "உங்கக்கா உடுப்பு வாங்கட்டும். அப்பாலிக்கா பாப்போம்" என்றாள்.

சோனியா

*

கும்மிடிப்பூண்டி,
12.04.2025

அக்கா,

நாளை குருத்து ஞாயிறு. உனக்கு வாழ்த்து. எல்லோரும் நலம்.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கல்பனாவிடம் சொன்னேன். மேனேஜரிடம் நேராக, எல்லாவற்றையும். கேன்டீனில் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "எனக்கு ஜூன்ல கல்யாணம் டீ. பொய்க் கையெழுத்துப் போட்டு வேலைய உட்டுத் தொரத்தினாங்கன்னு அவங்க ஊட்டுக்குத் தெரிஞ்சா? ஒரு பொட்டி கத்துமோ கத்தாதோன்னு நெனச்சு என்னை எடுத்து நடுத்தெருவுல வெப்பியா?" என்றாள். அப்புறம் அவளே, "இத்தினி நாளு வாயத் தொறக்காதவ, இதுக்குத்தான் தொறப்பியா?" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அழுதாள். நானும் அழுதேன். பெல் அடித்தது, போய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டோம்.

தினமும் செத்த போர்டை வைக்கிறேன். சிவப்பு வருகிறது. இப்போது வந்து என்ன?

சோனியா

*

நவகன்னியர் இல்லம், ஏற்காடு,
22.04.2025

என் தங்கைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் எல்லோருக்கும். நான் நலம்.

ஞாயிறு மதியம் மதர் அலமாரியைத் திறந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வாழ்த்து அட்டைகள். எனக்கு நான்கு உறை. திருநாள் என்பதால் பிரித்துப் படிக்காமல் அப்படியே கொடுத்தார்கள். தோட்டத்தில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன்.

முதல் உறையில் இந்த ஊர்த் தபால் முத்திரை மார்ச் 5. அன்று காலை சாம்பல் பூசிக்கொண்டு கோவிலிலிருந்து வெளியே வந்தேன். பதினோரு மணி இருக்கும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டது. யாருக்கோ என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

இந்தக் கடிதத்தை மதர் படிப்பார்கள். படிக்கட்டும்.

எழுதிக் கொடு சோனியா. உன் பேரை மட்டும் போட்டு எழுது. நீ எழுத மாட்டாயோ என்று எனக்குப் பயமில்லை. எழுதினால் வேலை போய்விடும், வேலை போனால் வீட்டுக்கு நான் வர வேண்டியிருக்கும் என்றுதானே இத்தனை நாள் தயங்கினாய்? ஒரு கடிதத்திலும் நீ அதைச் சொல்லவில்லை. அப்படியே ஆனாலும் ஆகட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. நான் மடத்துக்கு வந்த மாதம்தான் நைனா காலில் கம்பி விழுந்தது. அதே மாதம் நீ பள்ளிக்கூடத்தை விட்டாய். ஏன் விட்டாய்?

அம்மா சாயங்காலம் தனியாகத் தரை கழுவ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு.

மோனிகா

*

கும்மிடிப்பூண்டி,
04.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. நைனா, அம்மா சுகம். வெயில் கொளுத்துகிறது, உனக்கு மலையில் தெரியாது.

எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி 11 முதல் மார்ச் 10 வரை செத்த போர்டு பற்றி நான் எழுதியது பொய், அந்த இருபத்திநாலு நாள் போர்டுகளைத் திரும்ப வாங்கிச் சோதிக்க வேண்டும் என்று. என் பேர் மட்டும்தான் போட்டேன். ஆனால் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து பிரித்தபோது, என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே கல்பனா கையெழுத்து இருக்கிறது. அதை நான் எப்படி மறைப்பது?

மேனேஜர் அன்புராஜ் சார் மிகவும் மரியாதையாகப் பேசினார். தண்ணீர் கொடுத்தார். "நல்லவேளை சொன்னம்மா" என்றார். சரவணன் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் ஸ்டெப் எதையும் எடுக்கல சார். எடுத்திருந்தா செத்த போர்டு அன்னிக்கே பச்சை காட்டியிருக்கணும். காட்டினதா ரிஜிஸ்டர்ல இல்லியே" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. மெஷினில் பழைய பதிவு இருக்குமே என்று மெதுவாகச் சொன்னேன். மார்ச் மாதக் கடைசியில் புது டிஸ்க் மாற்றினார்களாம்.

அன்று சாயங்காலமே எங்கள் இருவரிடமும், சொந்தக் காரணத்துக்காக நாங்களே வேலையை விட்டு நிற்கிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதை எழுதும்போது, நான் எழுதுகிற கடைசிப் பொய் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டிகளை என்ன செய்வீர்கள் சார் என்று கேட்டேன். "நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

பஸ்ஸில் கல்பனா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். வழி முழுக்கத் திரும்பவில்லை. இறங்கும்போது, "ஊமைன்னு நெனச்சுக்கினு இருந்தேன் டீ உன்னை" என்றாள். அதற்கப்புறம் அவள் போன் எடுப்பதில்லை.

நீ கேட்டதற்கு: எனக்குக் கணக்கு வரவில்லை, அதனால்தான் நின்றேன். வேறு ஒன்றும் இல்லை.

சோனியா

*

ஏற்காடு,
13.05.2025

சோனியா,

அம்மாவையும் நைனாவையும் முத்தமிட்டதாகச் சொல்லு. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

உன் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டை நான்தான் பள்ளிக்கூடத்தில் போய் வாங்கினேன். கணக்கில் தொண்ணூற்றொன்று.

வீட்டுக்குத் திரும்புவது பற்றி மதரிடம் பேசினேன். 26ஆம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள். என் மூட்டை சின்னது, கட்டி வைத்துவிட்டேன். உன் பதில் வந்ததும் கிளம்புகிறேன். பெட்டியைப் பார்க்க யாராவது வந்தார்களா?

மோனிகா

*

கும்மிடிப்பூண்டி,
20.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது 26க்கு முன்னால் வந்துவிடும் என்று தபாலாபீஸில் உறுதியாகச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் சுகம். நைனா இப்போது குச்சி இல்லாமல் கடைவரை போய்வருகிறார்.

கணக்கு எனக்கு வரும். பொய்தான் எழுதினேன். அதைக் கேட்டு மூட்டை கட்டாதே. நீ வந்தால் நான் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்த வயதுக்குத் திரும்பிப் போய்விட முடியுமா? நீ அங்கே இருந்தால் ஒருத்தியாவது நினைத்தது நடந்தது என்று இருக்கும். அவிழ்த்துவிடு.

பெட்டியைப் பார்க்க யாரும் வரவில்லை. சடையப்பன் அண்ணனைக் கேட்டு எங்கள் கம்பெனிக்குப் போன் செய்யச் சொன்னேன். செய்தார். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னார்களாம். அழுத்தினார், கத்தியது, நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவிலும் ஒன்று எழுதிப்போட்டேன். ரசீது கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா வேலையை விடமாட்டேன் என்கிறாள். அதனால் போன வாரத்திலிருந்து நானும் அங்கேயே இறால் உரிக்கச் சேர்ந்துவிட்டேன். அம்மாவுக்கு இடப்பக்கம் என் இடம். முதல் இரண்டு நாள் விரலெல்லாம் முள் குத்தி வீங்கியது, இப்போது பழகிவிட்டது. சாயங்காலம் எல்லோரும் போனபின் நாங்கள் இருவரும் தரை கழுவுகிறோம். பெட்டி தலைக்கு மேலே இருக்கிறது. அதன் பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டே இருக்கிறது.

காலையில் உள்ளே நுழைந்ததும் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்ப்பேன். இறால், பிளீச்சிங் பவுடர், அம்மா தலையில் வைத்த எண்ணெய். இவ்வளவுதான் என்றால் வேலையைத் தொடங்குவேன். அரை மணிக்கு ஒருதடவை குழாய்ப் பக்கம் போய் மறுபடி பார்ப்பேன். "இன்னாடி, நாய் மாரி மோந்துக்கினு திரியிற?" என்று அம்மா கேட்கிறாள். ஐம்பது பேரும் சிரிக்கிறார்கள். எனக்கு முன்னே மாதிரி வெட்கமாக இல்லை.

மற்ற பெட்டிகள் எந்த ஊரில், எந்தச் சுவரில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. என் நம்பர் மட்டும் அவற்றில் இருக்கிறது.

31ஆம் தேதி அம்மாவும் நைனாவும் வருவார்கள். புடவை தயார். நான் வரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை, வேலை உண்டு. அம்மா இல்லாததால் தரை கழுவ வேறு ஒரு அக்கா வருவாள், அவளோடு நான் இருக்க வேண்டும்.

நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. நேற்றிலிருந்து லேசாகத் தும்மல் வருகிறது. வார்த்தைப்பாடு கொடுக்கிற நேரத்தில் கேட்டது கிடைக்கும் என்பார்களே, அப்போது எனக்காக ஒன்றே ஒன்று கேள். எனக்குச் சளி பிடிக்கக் கூடாது.

உன் தங்கை,
சோனியா